முதிய நோயாளியிடம் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுவது: காவிரி டெல்டா மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம்" என்று ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் புதிதாகப் பணிக்கு வரும் மருத்துவர்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பெரியவர் தலையை ஆட்டுவார், சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், வெளியே மரத்தடியில் நிறுத்தியிருக்கும் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அந்த வரி மருத்துவ ரீதியாகச் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னதால் அது பயனற்றுப் போகிறது.

கீழே உள்ள படிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறிய கிளினிக்கிலும் செய்யக்கூடியவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று வருகைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தமிழ் எழுத்துள்ள பார்வைப் பலகை ஒன்றும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திசை காட்டும் ஆங்கில "E" வடிவப் பலகை ஒன்றும் வேண்டும். தரையில் 3 மீட்டர் தூரத்துக்கு ஒட்டுப்பட்டை ஒட்டி வையுங்கள். வாசலிலிருந்து வண்டி நிறுத்தும் இடம்வரை 25 மீட்டரை ஒருமுறை அளந்து ஓர் அடையாளம் போட்டு விடுங்கள். கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரம், குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தக் கருவி ஆகியவை எப்படியும் மேசையில் இருக்கும்.

இவற்றோடு, பெரும்பாலோர் மறந்துவிடும் ஒரு தாளும் தேவை: உங்கள் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான நகரப் பேருந்து, மினி பஸ் நேரங்கள். வண்டியை விடச் சொல்லும் நாளில், "பிறகு எப்படி வருவேன்?" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும். நடத்துநரிடமோ எதிரே உள்ள டீக்கடையிலோ கேட்டால் ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம்.

2. யாரிடம் பேச்சை எடுக்க வேண்டும்

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 78 வயதில் தெளிவாக ஓட்டுபவரும் இருக்கிறார், 62 வயதில் ஓட்டவே கூடாதவரும் இருக்கிறார். வயதைக் காரணமாகச் சொன்ன உடனேயே நோயாளி காதை மூடிக்கொள்வார் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

பேச்சை எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. புதிதாக இன்சுலின் தொடங்கும்போது, தூக்க மாத்திரையோ நரம்பு வலி மாத்திரையோ எழுதும்போது, பக்கவாதம் வந்து மீண்டவர் முதல்முறை வரும்போது, ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது கீழே விழுந்தவர் வரும்போது, கண்புரை என்று சீட்டு கொண்டு வரும்போது. இவற்றுள் மருந்து எழுதும் நேரமே மிகவும் எளிது. "இந்த மாத்திரை மயக்கம் தரும், வண்டி எடுப்பீர்களா?" என்று கேட்டால் குறை மருந்தின்மேல் போய்விடுகிறது, அவருடைய தன்மானத்துக்கு இடைஞ்சல் இல்லை.

உடம்பையும் பாருங்கள். முழங்கையில் ஆறாத சிராய்ப்பு, கெண்டைக்காலின் உட்புறம் சைலன்சர் சுட்ட தழும்பு, கட்டை விரலில் பெயர்ந்த நகம் ஆகியவை கேட்காமலே பல செய்திகளைச் சொல்லும். சைலன்சர் சுட்டது தனக்குத் தெரியவில்லை என்று சர்க்கரை நோயாளி சொன்னால், காலில் உணர்ச்சி குறைந்திருப்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

3. நோயைக் கேட்கும் முன் பயணங்களைக் கேளுங்கள்

புதியவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இது. பின்னால் எடுக்கப்போகும் முடிவு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே இதற்கு நேரம் கொடுங்கள்.

"ஐயா, வயலுக்கு எப்படிப் போறீங்க?" என்று தொடங்கினால் போதும், மீதியை அவரே சொல்வார். காலையில் மடை பார்க்க ஒருமுறை, பால் சொசைட்டிக்கு ஒருமுறை, பேரனைப் பள்ளியில் விட ஒருமுறை, உரச் சாக்கை முன்னால் வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருமுறை, அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நாளுக்கு இருமுறை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் எந்த நேரத்தில், எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு, என்ன சுமையோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காரும் மனைவி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருபவரா என்பதையும் கேளுங்கள். சமநிலை குறைந்த ஓட்டுநருக்கு அது பெரிய பாரம்.

சாலையைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதியின் ஆபத்துகள் நெடுஞ்சாலையில் மட்டும் இல்லை. ஆற்றங்கரைச் சாலையிலும் வாய்க்கால் கரையிலும் தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட தூரங்கள் உண்டு. எதிரே வரும் டிராக்டருக்கு ஒதுங்க இடம் இருக்காது. அறுவடையின்போது சாலையில் பாதியை நெல் காயப் போட்டு மறித்திருப்பார்கள், விளிம்பில் கல் வைத்திருப்பார்கள், மறுபாதியில் வைக்கோல் சிதறிக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி கண்ணை மறைக்கும். இருட்டிய பிறகு சாலையில் படுத்திருக்கும் மாடு தெரிவதற்குள் வண்டி அதன்மேல் இருக்கும். பார்வைப் பலகையில் நன்றாகப் படித்துவிட்ட ஒருவரும் இந்தச் சூழலில் தடுமாறுவார்.

அடுத்து, தப்பிய விபத்துகள். "விபத்து நடந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "போன அறுவடையில் நெல்லில் வண்டி சறுக்கியதா?", "ராத்திரி எதிரே பஸ் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுகிறீர்களா?", "திரும்பும்போது பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்துத் திட்டுகிறார்களா?" என்று கேட்டால் உண்மை வரும். ராத்திரியில் ஓட்டுவதைத் தானாகவே விட்டுவிட்டேன் என்று சொல்பவரை மெச்சுங்கள். தன் குறையை அறிந்தவர் அவர், அவரோடு பேசுவது எளிது.

பெண்களையும் கேட்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் கிராம செவிலியர்களும் இப்போது எழுபதை நெருங்குகிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் கேட்பதாகத் தெரியவில்லை. டிராக்டரையும் விட்டுவிடாதீர்கள். வண்டி ஓட்டுவதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் டிராக்டரில் ஏறும் பெரியவர்கள் நிறையப் பேர்.

4. மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

சோதனைகளுக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். மயக்கம் தரும் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரிடம் கவனத்தைச் சோதித்தால் கிடைக்கும் விடை அந்த மாத்திரையினுடையது. அந்த மனிதருடையது அன்று.

வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் மஞ்சப் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கியதும், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதும் அதில் இருக்கும். அல்பிரசோலம், குளோனாசெபாம், டயசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள், அமிட்ரிப்டைலின், பிரிகாபலின், கபாபென்டின், டிரமடால், சளிக்குக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மூட்டு வலிக்குப் பெயர் தெரியாத கலவை மாத்திரைப் பொட்டலங்களும் இங்கே புழங்குகின்றன. புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், பிராசோசின் போன்றவை எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைத் தாழ்த்தும். நடுக்குவாதத்துக்கான ரோபினிரோல், பிராமிபெக்ஸோல் ஆகியவை சிலருக்கு எச்சரிக்கையின்றித் தூக்கத்தைக் கொண்டு வரும்.

குறைக்கக்கூடியதைக் குறையுங்கள், ஆனால் நீண்ட நாளாக எடுத்துவரும் தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் விட வேண்டும். அதுவரை காலையில் வண்டி எடுப்பதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மது அருந்துவதைப் பற்றியும் இந்த இடத்திலேயே, குரலை மாற்றாமல், மருந்துக் கேள்விகளில் ஒன்றாகக் கேட்டுவிடுங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்ற சட்ட வரம்பு எல்லா வயதினருக்கும் ஒன்றுதான். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அதைவிடக் குறைந்த அளவும் ஆபத்துதான்.

5. சர்க்கரையும் மயக்கமும்

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் ஆகியவற்றில் இருப்பவர்களிடம் காலை அட்டவணையைக் கேளுங்கள். விடியலில் மாத்திரையைப் போட்டு, ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு வயலுக்குப் போய், பத்து மணிக்குத் திரும்பிப் பழையதோ இட்டிலியோ சாப்பிடுவது நம் ஊர் வழக்கம். சர்க்கரை தாழ்வது அந்தத் திரும்பும் பயணத்தில்தான். கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி விரத நாட்களில் மாத்திரையை விடாமல் உணவை மட்டும் விட்டுவிட்டுக் கோயிலுக்கு வண்டியில் போகிறவர்களும் உண்டு. "விரதம் இருப்பீர்களா?" என்ற கேள்வியை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் அளவுகள் இங்கும் பயன்படும்: சர்க்கரை 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். சுமார் 70க்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது. தாழ்நிலையிலிருந்து மீண்ட பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை அளவு சீரான பின்னும் மூளை தெளிய நேரம் எடுக்கிறது என்பதே இதன் காரணம். வண்டிப் பெட்டியில் கடலை மிட்டாயை விடக் குளுக்கோஸ் பொட்டலம் இருப்பது நல்லது. மிட்டாயில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

படுத்த நிலையிலும், எழுந்து நின்று 1 நிமிடம், 3 நிமிடம் கழித்தும் அழுத்தத்தை எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 தாழ்ந்தால் அதைச் சரிசெய்யும்வரை வண்டி வேண்டாம். காரணம் தெரியாத மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் பேரத்துக்கு இடமில்லை. அன்றே நிறுத்தி, இதய, நரம்புப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

6. கண்ணும் காதும்

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக, கண்ணாடியோடு பாருங்கள். பல நாடுகள் 6/12 என்பதை (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) குறைந்த அளவாகக் கொள்கின்றன. உரிமத்துக்கான நம் மருத்துவச் சான்றுப் படிவம் கேட்பது, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்பதை. இதைச் சோதிக்கும்போது பெரியவரின் சொந்த வண்டியைக் காட்டாதீர்கள். அவருக்கு அந்த எண் மனப்பாடம். மரத்தடி நிழலில் கண்ணை மூடிக்கொண்டும் ஒப்பித்துவிடுவார். புதிய மருத்துவர்கள் இதில் ஏமாந்து "பார்வை நன்று" என்று எழுதுவதை அடிக்கடிப் பார்க்கலாம். வேறு யாருடைய வண்டியையாவது காட்டுங்கள்.

பலகையில் 6/9 படிப்பவருக்கும் கண்புரை இருந்தால் எதிர்வரும் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். அதனால் ராத்திரியைப் பற்றிய கேள்வி பலகைக்குச் சமமான முக்கியம் உடையது. ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை முடிந்து மறு கண் காத்திருக்கும் காலத்தில் தூரத்தைக் கணிப்பது தடுமாறும். மறுபடி எப்போது ஓட்டலாம் என்பதைக் கண் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பக்கப் பார்வையை எதிரெதிரே உட்கார்ந்து விரல் அசைத்துச் சோதியுங்கள். கண்நீர் அழுத்த நோயில் நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும், பக்கங்கள் மட்டும் சுருங்கிக்கொண்டே வரும், நோயாளிக்கே தெரியாது. "ஆடு திடீரென்று குறுக்கே வந்துவிட்டது" என்று திரும்பத் திரும்பச் சொல்பவரைக் கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆடு திடீரென்று வந்திருக்காது.

காதைப் பொறுத்தவரை, சாதாரண ஹாரன் சத்தம் கேட்கிறதா என்பது போதும். கேட்கும் கருவி இருந்தால் அதை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

7. காலும் கழுத்தும் சமநிலையும்

ஒட்டுப்பட்டையின் ஒரு முனையிலிருந்து 3 மீட்டர் வேகமாக நடந்து, திரும்பி, வந்த இடத்துக்கே வரச் சொல்லுங்கள். 9 விநாடிக்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும். கழுத்தை இரு புறமும் தோளுக்கு மேலாகத் திருப்பச் சொல்லுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் கண்ணாடியையே நம்புவார்கள், அந்தக் கண்ணாடியும் பாதி வண்டிகளில் உடைந்திருக்கும்.

ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். உலகில் புழங்கும் முதியோர் ஓட்டுநர் சோதனைகள் பெரும்பாலும் காரோட்டிகளை முன்வைத்து உருவானவை. காரில் உட்கார்ந்தால் கார் விழாது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டியில் போகிறவர்கள். ஆகவே காருக்குப் போதுமான மதிப்பெண் மொபெட்டுக்குப் போதாது என்பது என் கருத்து.

இந்தக் குறையை ஈடு செய்ய ஓர் எளிய வழி உண்டு. அவர் கிளம்பும்போது கூடவே வாசல்வரை செல்லுங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது, கால் தரையைத் தேடித் துழாவுகிறதா, கிளம்பும் முன் திரும்பிப் பார்க்கிறாரா, சாலையில் ஏறும் இடத்தில் நின்று போகிறாரா என்று கவனியுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். அறைக்குள் செய்த சோதனைகள் காட்டாததை இது காட்டிவிடும்.

கால் உணர்ச்சி குறைந்தவர், வலது முழங்கால் மடங்காதவர் மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கை நம்ப முடியாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருப்பதால் சிலருக்கு வண்டியை மாற்றுவதே தீர்வாகிவிடும். கை நடுக்கமோ பிடிமானக் குறைவோ உள்ளவருக்கு அது பொருந்தாது.

8. கவனமும் நினைவும்

எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கும் சோதனை இதற்கு நல்லது. ஆங்கிலத் தாளில் 13 எண்களும் 12 எழுத்துகளும் இருக்கும். நம் உயிரெழுத்துகளும் 12 என்பதால் 1–அ–2–ஆ–3–இ என்று தமிழிலேயே தாள் தயாரித்துக்கொள்ளலாம். 180 விநாடிக்கு மேல் ஆனாலோ மூன்றோ அதற்கு மேலோ பிழை வந்தாலோ கவலைக்குரியது என்பது ஆங்கிலத் தாளின் அளவு. கையால் செய்த தமிழ்த் தாளில் அதை ஓர் அறிகுறியாக மட்டும் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வதும் பயன்படும்.

பள்ளிக்குப் போகாதவரிடம் இந்தத் தாள்களை நீட்டாதீர்கள். எழுதுகோல் பிடித்துப் பழகாதவர் தடுமாறுவதை மறதி நோய் என்று எழுதுவது பெரிய அநீதி. அவரிடம் கொள்முதல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியைத் திருப்பம் திருப்பமாகச் சொல்லச் சொல்லுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். 500 ரூபாய் கொடுத்து 340க்கு உரம் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டாரிடம், தெரிந்த வழியில் தடம் மாறிப் போனாரா, மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள்.

மனச்சோர்வும் காது கேளாமையும் தூக்கமின்மையும் மறதிபோலத் தோற்றம் தரும். முடிவுக்கு வருமுன் அவற்றைப் பாருங்கள்.

9. முடிவு

மூன்றில் ஒன்றாக இருக்கும். சரிசெய்யக் கூடிய காரணம் இருந்தால் அதைச் சரிசெய்து, அதுவரை தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது ஒன்று. பகலில் மட்டும், தெரிந்த சாலையில் மட்டும், பின்னால் யாரையும் ஏற்றாமல், சுமை இல்லாமல் என்று வரம்பு போடுவது இன்னொன்று. முற்றிலும் நிறுத்துவது மூன்றாவது.

வரம்பு போடும்போது மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். "கவனமாக ஓட்டுங்கள்" என்பதில் பொருள் ஒன்றும் இல்லை. "ஆற்றங்கரை வழியே வேண்டாம், ஊருக்குள் வரும் சாலையில் பால் சொசைட்டிவரை போகலாம், பேரனை ஏற்ற வேண்டாம்" என்றால் அவருக்கும் புரியும், வீட்டாருக்கும் புரியும்.

முடிவெடுக்க முடியாத நிலை அடிக்கடி வரும். சாலையில் கூடவே சென்று ஓட்டும் திறனை மதிப்பிடும் தனி நிபுணர் நம் ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. அப்போது மகனையோ மருமகனையோ வேறொரு வண்டியில் பின்தொடர்ந்து சென்று, ஒரு வாரம் கழித்து வந்து சொல்லச் சொல்லலாம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உங்கள் குழந்தையை அவர் வண்டியில் ஏற்றி அனுப்புவீர்களா?" தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

ஆரம்பநிலை மறதி நோய் என்பதால் மட்டும் உடனே நிறுத்த வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது காரோட்டிகளுக்கான பொதுவான அணுகுமுறை. இரு சக்கர வண்டிக்கும் டிராக்டருக்கும் நான் இன்னும் கடுமையாக இருப்பேன்.

10. எப்படிச் சொல்வது

முதலில் பெரியவரிடம் தனியாகச் சொல்லுங்கள். வீட்டாரை அதற்குப் பிறகு அழையுங்கள். மகனைப் பார்த்து, "அப்பாவை ஓட்ட விடாதீங்க" என்று அவருடைய தலைக்கு மேலாகப் பேசுவதுதான் மிகப் பரவலான தவறு. அந்தப் பேச்சுக்குப் பிறகு பெரியவருக்கு மருத்துவர் மகனின் கட்சிக்காரர் ஆகிவிடுகிறார். அடுத்த முறை மயக்கம் வந்தால் சொல்லவும் மாட்டார்.

கண்டறிந்ததைச் சொல்லுங்கள், பிறகு முடிவைச் சொல்லுங்கள். "ஐயா, ரெண்டு பக்கமும் உங்களுக்குப் பார்வை சுருங்கியிருக்கு. குறுக்கே வர்ற புள்ளைய நீங்க பார்க்கிறதுக்குள்ள வண்டி மோதிடும். அதனால இனிமே வண்டி வேண்டாம்" என்பது போதும். தனக்கு அடிபடும் என்பதை விடப் பிறர் பிள்ளைக்கு அடிபடும் என்பது பெரியவர்களை அசைக்கிறது. போலீஸ், அபராதம் என்று மிரட்டுவது பெரும்பாலும் வீண். அவர் போகும் வாய்க்கால் கரையில் யாரும் நின்று மறிக்கப் போவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அப்ப வயலுக்கு யாரு போறது, தம்பி?" என்று கேட்பார். அது மறுப்பு அன்று. அடுத்த படிக்கான கதவை அவரே திறந்துவிடுகிறார்.

நோயறிவு இழந்த மறதி நோயாளியிடம் மட்டும் இந்த வாதங்கள் செல்லாது. அங்கே சாவியை எடுத்து வைப்பது, வண்டியைப் பழுது என்று சொல்லி மெக்கானிக் கடைக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புவது போன்றவற்றை வீட்டாரோடு கலந்து செய்ய வேண்டியிருக்கும். தெளிவாகப் பேசும் நோயாளியிடம் இதே தந்திரத்தைச் செய்யச் சொல்லாதீர்கள்.

11. ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்று

பட்டியலில் உள்ள பயணங்களை ஒவ்வொன்றாக அடியுங்கள். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைக்காக மட்டும் வருகிறவர் என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைச் சேர்த்துவிட்டால் மருந்து வீட்டுக்கே வந்துவிடும். ஒரு பயணம் ஒழிந்தது. பெண் நோயாளிக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பேரனுக்குப் பள்ளி வேன். உரத்துக்கும் நெல்லுக்கும் பக்கத்து வயல்காரரின் டிராக்டரோ லோடு ஆட்டோவோ. இது ஊரில் நடக்கிற காரியம்தான், கேட்கத்தான் கூச்சம். மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

மிகக் கடினமானது வயல். அங்கே போவது வேலைக்காக மட்டும் அன்று. மதகடியில் நான்கு பேரோடு பேசவும்தான். அதை மறந்து, "ஆள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டால் பெரியவர் திண்ணையில் முடங்கிவிடுவார். வயலுக்குப் போகும் யாருடனாவது பின்னால் ஏறிப் போகும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். வண்டியை விட்டவர்களிடம் அடுத்த சில மாதங்களில் மனச்சோர்வு தலைகாட்டுகிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள்.

சைக்கிளை மாற்றாகச் சொல்லும் முன் யோசியுங்கள். பார்வையோ சமநிலையோ காரணம் என்றால் சைக்கிளும் அதே ஆபத்துதான்.

12. சான்றிதழும் சட்டமும்

40 வயதைக் கடந்தவர் உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவம் 1ஏ எனும் மருத்துவச் சான்று வேண்டும். 2019 திருத்தத்தின்படி, சொந்த வண்டி ஓட்டும் உரிமம் 55 வயதுக்கு மேல் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. எனவே அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை அவர் யாரேனும் ஒரு மருத்துவரிடம் வந்தாக வேண்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கும் மறுபடி போக வேண்டும்.

படிவத்தில் பார்வை, சிவப்பு–பச்சை நிறப் பிரிப்பு, மாலைக்கண், காது, கை கால் மூட்டுகள் ஆகியவை கேட்கப்படுகின்றன. நோயாளியைப் பார்க்காமலே ஓட்டுநர் பள்ளி முகவர் கொண்டுவரும் படிவக் கட்டில் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதில் சேராதீர்கள். பொய்ச் சான்று தருவது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி முறைகேடு. படிவம் நினைவாற்றலைப் பற்றி விரிவாகக் கேட்பதில்லை என்பதற்காக நீங்களும் விட்டுவிடக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 186ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளையக்கூடிய நோயோடு தெரிந்தே ஓட்டுபவருக்கு முதல் முறை 1,000 ரூபாய்வரையும் அடுத்த முறை 2,000 ரூபாய்வரையும் அபராதம் வைக்கிறது. 16ஆம் பிரிவின்படி, நோய் அல்லது ஊனம் காரணமாக உரிம அதிகாரி உரிமத்தை ரத்து செய்யலாம்.

நோயாளியின் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்பதே பொது விதி. குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, தெளிவாக அடையாளம் காணக்கூடிய ஆபத்து உள்ளபோது மேற்சொன்ன 2002 விதிகள் விலக்கு அளிக்கின்றன. இதைக் கடைசி வழியாக மட்டும் கொள்ளுங்கள்: நோயாளியிடம் சொல்லி, வீட்டாரிடம் சொல்லி, எழுத்தில் கொடுத்து, மூத்த மருத்துவர் ஒருவரைக் கலந்த பிறகும் வலிப்பு நோயாளி பேருந்தோ வேனோ ஓட்டிக்கொண்டிருந்தால், அப்போது.

உரிமமே இல்லாமல் பல ஆண்டுகளாக மொபெட் ஓட்டும் பெரியவர்களும் வருவார்கள். அதைக் கண்டிக்கத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். மேற்கண்ட படிகள் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

13. பதிவும் மறுவருகையும்

என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன சொன்னீர்கள், யார் உடனிருந்தார்கள், நோயாளி என்ன பதில் சொன்னார் என்று நோயாளிப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். "வண்டி பற்றி அறிவுரை கூறப்பட்டது" என்ற ஒரே வரி பின்னால் யாருக்கும் பயன்படாது. வரம்புகளைத் தமிழில், பெரிய எழுத்தில், தனித்தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள்.

தற்காலிகமாக நிறுத்தியவருக்கு மறுபரிசோதனை நாளை அன்றே குறித்துக் கொடுங்கள். நாள் குறிக்காத தற்காலிகத் தடையை நோயாளி ஒரு வாரத்தில் தானே முடித்துக்கொள்வார். வரம்போடு ஓட்டுபவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதில் ஒரு வருகை குறுவை அல்லது சம்பா அறுவடைக்குச் சற்று முன்னதாக அமைந்தால் நல்லது, சாலையில் நெல் ஏறுவதற்குள் பேசி முடித்துவிடலாம். புதிய மருந்து, புதிய வீழ்ச்சி, மருத்துவமனையில் தங்கி வந்தது ஆகிய ஏதேனும் ஒன்று நடந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.